வீட்டில் இருந்து வேலை பார்த்தால் பதவி உயர்வு 'அம்போ'வா?

கொஞ்ச நாள் ஆபீஸ், கொஞ்ச நாள் வீடு. இப்படி வேலை பார்ப்பது நல்லதா, கெட்டதா?

சீனாவில் ஷாங்காய் நகரில் உள்ள 'சி-டிரிப்' என்ற பயணக் கம்பெனி இதை 2 தடவை சோதித்துப் பார்த்தது.

பிறந்த தேதி

2010 கடைசியில் நடந்த முதல் சோதனையில் 249 ஊழியர்கள் சேர்ந்தார்கள். பிறந்த தேதி இரட்டைப்படையா? 4 நாள் வீடு, ஒரு நாள் ஆபீஸ். ஒற்றைப்படையா? 5 நாளும் ஆபீஸ்தான்!

9 மாதத்தில், வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. ஆனால், அந்த உழைப்புக்கு ஏற்ற பதவி உயர்வு கிடைக்கவில்லை. கண்ணில் படாத ஆள் கணக்கில் வரவில்லை!

தனிமையும் வாட்டியது. சோதனை முடிந்ததும் சுமார் பாதிப் பேர் ஆபீசுக்கே திரும்பி விட்டார்கள்.

மறுபடியும்...

2021-ல் அடுத்த சோதனை. இதில் 1,612 பேர். இந்தத் தடவை ஒற்றைப்படைக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். புதன், வெள்ளி மட்டும் வீட்டில் வேலை. மற்ற 3 நாள் எல்லோரும் ஆபீசில்!

பலன்? 2 ஆண்டுகள் கவனித்ததில் வேலையும் குறையவில்லை, பதவி உயர்வும் குறையவில்லை. ராஜினாமா மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

மானேஜர்களே! எல்லோரும் கூடும் நாளை முதலில் குறித்து விடுங்கள். வீட்டில் இருப்பவரையும் மறந்து விடாதீர்கள்!