உண்டியலும் வங்கியும்: வெளிநாட்டு உழைப்பாளர் பணம் பற்றிய ஒரு விளக்கம்

வெளிநாடுகளில் உழைப்போர் தம் குடும்பங்களுக்கு அனுப்பும் தொகையைப் பற்றிப் பேசுமிடத்து, ‘பணம் வருகின்றது’ என்றே நாம் கூறிவருகின்றோம். அன்றாட வழக்கிற்கு அத்தொடர் போதுமானது. ஆயின், அப்பணத்தின் இயக்கத்தை ஆராயப் புகும்போது அது நம்மை மயக்கத்திற்குள்ளாக்குகின்றது. றியாத்தில் ஒரு பணிப்பெண் செலுத்தும் றியால் அங்கேயே நின்றுவிடுகின்றது. மட்டக்களப்பில் அவளது தாய் பெறும் ரூபாவோ இலங்கையில் முன்னரே இருந்த ரூபாவாகும். இவ்விரண்டிற்குமிடையே கடல் கடப்பது ஒரு கட்டளையும், அதனால் எழும் ஒரு கடன் பொறுப்புமேயாகும். அக்கடன் எவ்வாறு தீர்க்கப்படுகின்றது, உழைப்பாளி ஈட்டிய அந்நியச் செலாவணி இறுதியில் எவர் கையைச் சேர்கின்றது என்பனவே அடிப்படை வினாக்கள். 2021, 2022 ஆம் ஆண்டுகளில் இலங்கை மக்கள் அனுபவித்த துன்பத்தின் ஒரு பகுதியை இவ்வினாக்களின் வழியாகவே விளங்கிக்கொள்ளல் இயலும்.

வங்கி வழி

முதலில் வங்கி வழியை நோக்குவோம். தொழிலாளி தன் சம்பளத்தை அங்குள்ள நாணயமாற்று நிலையத்தில் ஒப்படைக்கின்றார். அந்நிலையம் கொழும்பிலுள்ள வங்கிக்கு அறிவித்தல் அனுப்ப, வங்கி உரியவரின் கணக்கில் ரூபாவை வரவு வைக்கின்றது. அதற்கு ஈடான டொலர், அவ்வங்கி பிறநாட்டு வங்கியொன்றில் வைத்துள்ள கணக்கிலே சேர்கின்றது. வங்கிகளுக்கிடையிலான இத்தகைய அறிவித்தல்களைப் பரிமாறும் வலையமைப்புகளுள் 1973 இல் நிறுவப்பட்டு 1977 இல் இயங்கத் தொடங்கிய ‘ஸ்விஃப்ட்’ முதன்மையானது. இவ்வாறு சேர்ந்த டொலரையே வங்கி எரிபொருள், மருந்து, கோதுமை ஆகியவற்றை இறக்குமதி செய்வோருக்கு விற்கின்றது. ஆகவே, பணிப்பெண்ணின் உழைப்பு ஒரே வேளையில் இரண்டு பணிகளை ஆற்றுகின்றது. அது அவளது வீட்டுக்கு ரூபாவாகின்றது, நாட்டுக்கு டொலராகின்றது.

இச்சேவைக்கு உழைப்பாளி இரண்டு விலைகளைக் கொடுக்கின்றார். கட்டணம் என்பது பற்றுச்சீட்டிலே காணப்படும் விலை. மற்றையது நாணயமாற்று வீதத்துள் மறைந்திருப்பது. சந்தை வீதத்திலும் சற்றுக் குறைந்த வீதத்தில் அவரது டொலர் மாற்றப்படும்போது அவ்வேறுபாடு இடைநின்றவரின் இலாபமாகின்றது. ‘கட்டணம் இல்லை’ என்று விளம்பரம் செய்யும் நிறுவனம் இரண்டாவது விலையை அறவிடாமல் விடுவது அரிது. உலக வங்கியின் கணிப்பின்படி 200 டொலரை அனுப்புவதற்கான உலகச் சராசரிச் செலவு 6 சதவீதத்திற்கும் மேலானது. இதனை 2030 ஆம் ஆண்டளவில் 3 சதவீதத்திற்கும் குறைவாக்குதல் ஐக்கிய நாடுகள் சபையின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளுள் ஒன்றாகும். குறைந்த தொகையை அனுப்பும் ஏழைத் தொழிலாளியே விகிதாசாரப்படி கூடிய செலவைச் சுமக்கின்றார் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

உண்டியல் வழி

‘உண்டியல்’ என்னும் சொல் நம்மிடையே நீண்ட வரலாறு உடையது. கொழும்பு, இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய நகரங்களில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டிமார் தம் கிளைகளுக்கிடையே உண்டியல் எழுதிப் பணமாற்றுச் செய்தனர். அரபு வணிகர் மரபிலே இதனையொத்த முறை ‘ஹவாலா’ எனப்படும். இன்றைய உண்டியலில் எழுத்துச் சீட்டு அருகிவிட்டது. தொலைபேசிச் செய்தியும் நம்பிக்கையுமே எஞ்சியுள்ளன.

இதன் இயக்கம் எளிது. தோஹாவில் உள்ள முகவர் றியாலைப் பெற்றுக்கொண்டு, கொழும்பில் உள்ள தம் கூட்டாளிக்குச் செய்தி அனுப்புகின்றார். கூட்டாளி தம் கையிருப்பிலுள்ள ரூபாவை உரிய வீட்டில் சேர்ப்பிக்கின்றார். அவருக்கு அந்த ரூபா எங்கிருந்து வருகின்றது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. இலங்கையில் ரூபாவைக் கொடுத்துவிட்டு வெளிநாட்டிலே அந்நிய நாணயத்தைப் பெற விரும்புவோர் பலர் உளர். இறக்குமதிப் பொருளின் விலையைச் சுங்கத்துக்குக் குறைத்துக் காட்டிவிட்டு, மிகுதியைப் புறம்பே செலுத்த வேண்டிய வணிகர் ஒரு சாரார். செல்வத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல விழைவோர் மற்றொரு சாரார். தொழிலாளியின் றியால் இவர்களுக்குரியதாகின்றது. இவர்களது ரூபா தொழிலாளியின் குடும்பத்துக்குரியதாகின்றது. வீடு குறையின்றிப் பணத்தைப் பெறுகின்றது. டொலரோ வங்கித் தொகுதிக்குள் நுழைவதேயில்லை.

இம்முறை சட்டத்திற்குப் புறம்பானதாயினும், அதனை நாடுவோர் அனைவரையும் குற்றவாளிகளாகக் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கிலே வங்கிச் சேவை தடைப்பட்ட வேளைகளில், கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் உறவினர் அனுப்பிய பணம் பல வீடுகளை அடைந்தது இத்தகைய வழிகளாலேயே. மறுபுறம், பற்றுச்சீட்டு இல்லாத இம்முறையில் முகவர் ஏமாற்றினால் முறையிட இடமில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

2021 தரும் படிப்பினை

இனி, எண்கள் கூறுவதைக் காண்போம். மத்திய வங்கியின் தரவுகளின்படி, வெளிநாட்டு உழைப்பாளர் முறைசார் வழிகளில் அனுப்பிய தொகை 2020 இல் ஏறத்தாழ 7.1 பில்லியன் டொலராக இருந்தது. அது 2021 இல் 5.5 பில்லியனாகவும், 2022 இல் 3.8 பில்லியனாகவும் வீழ்ந்தது. அதே 2022 இல் 3 இலட்சத்திற்கும் அதிகமானோர் வேலை தேடி நாட்டைவிட்டு வெளியேறினர். புதிதாகச் சென்றவர் உடனே பணம் அனுப்ப இயலாது என்பது உண்மையே. எனினும், ஏற்கெனவே அங்கு உழைத்துக்கொண்டிருந்த பல இலட்சம் பேரின் குடும்பத் தேவைகள் இக்காலத்தில் குறையவில்லை, விலையேற்றத்தால் கூடின. ஆதலின், பணம் அனுப்பப்படாமல் நின்றது என்பதிலும், அது வழி மாறியது என்பதே பெரிதும் பொருந்தும்.

வழி மாறியமைக்கான முதன்மைக் காரணம் வீதமாகும். 2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் 7 வரை ஒரு டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. வங்கிக்கு வெளியே அதற்கு அதிக விலை கிடைத்தது. இதனை ஈடுசெய்யும் பொருட்டு, டொலர் ஒன்றிற்கு 2 ரூபாவாக இருந்த ஊக்கத்தொகை 2021 டிசெம்பரில் 10 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஓர் எடுத்துக்காட்டால் இதன் போதாமையை உணரலாம். மாதம் 1,125 றியால், அதாவது 300 டொலர், பெறும் பணிப்பெண் அதனை முழுதாக அனுப்புகின்றாள் எனக் கொள்வோம். வங்கியில் 210 ரூபா வீதம் 63,000 ரூபா கிடைக்கும். உண்டியலில் 240 ரூபா வீதமெனின் 72,000 ரூபா கிடைக்கும். வேறுபாடு 9,000 ரூபா. அவளது சம்பளத்தில் எட்டிலொரு பங்கு. ஏறக்குறைய நான்கு நாள் உழைப்பு.

வங்கி வழியே அனுப்புமாறு நாட்டுப்பற்றின் பேரால் விடுக்கப்பட்ட வேண்டுகோளின் உட்பொருள் இதுவே. பெயர் சொல்லாத ஒரு வரியை, நாட்டின் மிக வறிய உழைப்பாளர் பிரிவினர் மீது சுமத்துவதாக அது அமைந்தது. செயற்கையாக மலிவாக்கப்பட்ட அந்த டொலரைப் பெற்று இறக்குமதி செய்தவர்களுக்கோ அதே வீதம் மானியமாக அமைந்தது. மலிவான பொருளின் பயன் ஏழைகளுக்கும் கிட்டியது என வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் சிறிது உண்மை உண்டு. ஆனால், டொலர் வங்கிக்கு வருவது அருகியதும் எரிபொருளும் எரிவாயுவும் மருந்தும் கிடைத்தற்கரியனவாயின. வரிசைகளில் நின்று துன்புற்றவர்களுள் அவ்வுழைப்பாளரின் குடும்பத்தினரும் அடங்குவர். 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்தலை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. நெருக்கடிக்கு வரிக்குறைப்பு, கடன்சுமை, உல்லாசப் பயணத்துறையின் வீழ்ச்சி முதலிய வேறு காரணங்களும் உள. உண்டியல் அவற்றை மோசமாக்கிய ஒரு காரணி, மூலகாரணமன்று.

இவ்விளக்கத்தைப் பின்னைய நிகழ்வுகளும் அரண் செய்கின்றன. ரூபா மிதக்கவிடப்பட்டு, இரு சந்தைகளின் வீதங்களும் ஒன்றையொன்று நெருங்கியபின், முறைசார் வழியில் வந்த தொகை 2023 இல் ஏறத்தாழ 6 பில்லியன் டொலராகவும், 2024 இல் 6.6 பில்லியனாகவும் உயர்ந்தது. உழைப்பாளரின் நாட்டுப்பற்று ஓராண்டிற் குன்றி மறு ஆண்டில் வளர்ந்தது என எவரும் கொள்ளார். மாறியது வீதமே.

முடிவாக

நாட்டின் ஏற்றுமதிப் பொருள்களுக்கு நியாய விலை வேண்டுமென நாம் உலக அரங்குகளிலே குரல் எழுப்பி வந்துள்ளோம். உழைப்பாளி ஈட்டும் டொலருக்கும் அதே நியாயம் பொருந்தும். உண்மையான வீதம், வெளிப்படையான கட்டணம், கிராமத்துக்கு அண்மையில் வங்கிச் சேவை ஆகியன கிடைக்குமாயின் வேண்டுகோள்களுக்குத் தேவை இராது. இவற்றோடு, வெளிநாடு செல்லும் பெண் புறப்படுமுன் தன் பெயரில் ஒரு கணக்கைத் திறத்தலும் இன்றியமையாதது. அனுப்பும் தொகை அனைத்தும் பிறரது கணக்கிலேயே சேருமாயின், பல்லாண்டு உழைத்துத் திரும்பியவள் வெறுங்கையளாக நிற்க நேரிடும். மத்திய வங்கியின் அட்டவணை டொலரை மட்டுமே எண்ணும். அதன் பின்னாலுள்ள உழைப்பு நாள்களை எண்ணுவது, இத்துறையை ஆராயும் நம் போன்றோரின் கடமையாகும்.