பழைய சொகுசு ஜீப் வாங்குமுன்

தமிழாசிரியர்க்கு மோட்டார் வண்டியோடு என்ன உறவு என்று அன்பர் சிலர் நகைத்தல் கூடும். எம் பழைய மாணவர் ஒருவர், பிறநாட்டிற் பத்தாண்டு உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு பழைய 'றேஞ்ச் றோவர்' ஒன்றை வாங்க விரும்பி எம் கருத்தை வினவினார். அவருக்கு உரைத்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ருவரியிலேதான் மீளத் திறக்கப்பட்டது. ஆதலின் முதுமையடைந்த வண்டிகளும் பெருவிலை பெற்றன. விலை எவ்வாறாயினும், உறுப்புக்களின் விலை வண்டியின் வயதை நோக்கிக் குறைவதில்லை என்பதை வாங்குவோர் மறந்துவிடுகின்றனர்.

1970இல் வெளிவந்த முதல் றேஞ்ச் றோவர் இரும்புச் சுருள்வில்களின்மீது நின்றது. 1994இல் வந்த இரண்டாந் தலைமுறை வண்டியோ நான்கு சக்கரங்களிலும் காற்றடைத்த றப்பர்ப் பைகளின்மீது நிற்பது. பயணம் மெத்தென்றிருக்கும், ஐயமில்லை. ஆனால் றப்பர் ஆண்டுகள் செல்ல வெடிக்கும். காற்று மெல்லக் கசியும். இரவில் வண்டியின் ஒரு மூலையோ வண்டி முழுதுமோ தாழும். காலையில் இயந்திரத்தை முடுக்கியதும் கொம்பிறசர் காற்றை நிரப்பி வண்டியை நிமிர்த்திவிடும். கசிவு மிகுமாயின் அது ஓய்வின்றி உழைத்துக் கருகும். சிறு பையிற் தொடங்கிய செலவு பெருஞ்செலவாய் முடியும். ஓடி வந்து நிற்கும் வண்டியில் இக்குறை தோன்றாது. ஆகவே, வண்டியை முதல்நாள் மாலை முதல் முடுக்காது நிறுத்திவைக்குமாறு விற்பவரை வேண்டி, விடியலிற் சென்று, நான்கு சக்கரங்களுக்கும் மேலுள்ள இடைவெளியை அளந்து பார்த்தல் வேண்டும். சாணளவே போதும், கருவி வேண்டா.

அவ்வண்டியின் பெற்றோல் இயந்திரம், அமெரிக்கப் பியூக் நிறுவனத்தாரின் அமைப்பிலிருந்து பிறந்த எட்டு உருளை அலுமினிய இயந்திரம். உருளைகளினுள் இரும்புக் குழல்கள் பொருத்தப்பட்டுள்ளன. சூட்டில் அலுமினியம் இரும்பினும் மிகுதியாக விரியும். ஒருமுறை அளவுமீறிக் கொதித்த இயந்திரத்தில் அக்குழல்கள் தளர்தலும் உண்டு. குளிர்நீர் காரணமின்றிக் குறைகின்றதா, எண்ணெய் மூடியின் உட்புறத்திற் பால்போன்ற படிவு உளதா என்று நோக்குக. குறுந்தூரமே ஓடும் வண்டியில் நீராவி படிந்தும் அப்படிவு தோன்றலாம். அதனால் ஒன்றை மட்டும் கண்டு தீர்ப்புச் சொல்லற்க.

மின்கருவிக் குறைகளை நாம் விரித்துரைக்கவில்லை. அவை நல்ல கராச்காரர் கணினி கொண்டு படிக்கவேண்டியவை. பராமரிப்புப் பதிவேடு இல்லையெனில் இருமடங்கு விழிப்பு வேண்டும்.

மாணவர் வருஞ் சனிக்கிழமை விடியலில் வண்டியைக் காணச் செல்கின்றார். எம்மையும் உடன் வருமாறு அழைத்துள்ளார்.