செருப்புக்கு அளவுண்டு, பேக்குக்கு அளவில்லை

நோன்புப் பெருநாளைக்குப் பத்து நாட்கள் இருக்கையில் ஒரு தாயும் மகளும் கடைக்கு வருகிறார்கள். கறுப்பு அபாயா ஏற்கனவே தைத்தாயிற்று. மகளுக்கு மெரூன் நிறத்தில் ஒரு செருப்பும் அதே மெரூனில் ஒரு ஹேண்ட்பேக்கும் வேண்டும். கடையில் இரண்டும் 'செட்'டாகவே இருக்கின்றன. ஆனால் செருப்பில் 38 முடிந்துவிட்டது. 36உம் 40உம் மாத்திரமே மீதி. தாய் பேக்கை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார். முதலாளி இழந்தது செருப்பு வியாபாரத்தை மட்டுமல்ல. எந்தக் காலுக்கும் பொருந்த வேண்டிய அவசியமில்லாத பேக்கையும் சேர்த்தே இழந்துவிட்டார்.

ஹேண்ட்பேக்கும் பாதணியும் சேர்த்து விற்கும் எமது வர்த்தகர்களில் பலர் இந்த நட்டத்தைக் கணக்கில் எழுதுவதில்லை. 'செட்' சரக்கு கண்ணாடி அலுமாரிக்குள் பார்க்க அழகாகத்தான் இருக்கும். நானும் ஒரு காலத்தில் அந்த அழகில் மயங்கி, தொண்ணூறு நாள் காசோலை கொடுத்துச் சரக்கெடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவன்தான். காசோலைத் திகதி வந்தபோது என்னிடம் எஞ்சியிருந்தவை இரண்டு ஓரத்து அளவுகளும், அவற்றோடு கட்டிப்போட்ட பேக்குகளும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு நிறத்தில் பன்னிரண்டு சோடிப் பெட்டியொன்றில் 36இல் ஒன்று, 37இல் மூன்று, 38இல் நான்கு, 39இல் மூன்று, 40இல் ஒன்று என்று வருவதாக வைத்துக்கொள்வோம். நடு அளவுகள் முதலில் ஓடிவிடும். அவற்றை வாங்கியவர்கள் எல்லோரும் பேக்கையும் எடுத்திருக்க மாட்டார்கள். ஆக, சோடியிழந்த பேக்குகளும் காலில்லாத செருப்புகளும் ஒன்றாகத் தேங்குகின்றன. மெரூனில் 38 மட்டும் தாருங்கள் என்றால் மொத்த வியாபாரி தரமாட்டார். முழுப் பெட்டியாகவே எடுக்க வேண்டும். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுக்குள் 300ஐத் தாண்டியபோது, பெட்டியை நிரப்ப நினைத்தவர்கள் பட்ட பாட்டைப் புறக்கோட்டை மறந்திருக்காது.

இதற்கு வழி செருப்பையும் பேக்கையும் கொள்வனவில் பிரித்துவிடுவதுதான். செருப்பில் நிறங்களைக் குறைத்து அளவுகளை நிறைவாக வையுங்கள். பேக்கில் மாதிரிகளைக் கூட்டலாம். ஆனால் ஒவ்வொரு பேக்கும் கடையிலுள்ள இரண்டு செருப்பு நிறங்களோடாவது சேர வேண்டும். அப்படிச் சேராத பேக் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.

எப்படிச் சேர்வது என்பதை விற்பனையில் நிற்பவர் தெரிந்திருக்க வேண்டும். பேக்கும் சப்பாத்தும் அச்சொட்டாக ஒரே நிறத்தில் இருக்க வேண்டுமென்பது மேல்நாடுகளில் 1950களில் இருந்த கட்டுப்பாடு. எலிசபெத் மகாராணி 2022இல் மறையும் வரை பெரும்பாலும் கறுப்புப் பேக்கும் கறுப்புச் சப்பாத்துமாகவே வெளியே வந்தார். அவருக்குப் பேக் செய்துகொடுத்த லோனர் நிறுவனம் 1968இலேயே அரச முத்திரை பெற்றது. இன்று அந்தக் கட்டுப்பாடு யாருக்கும் இல்லை. ஆனாலும் ஒன்றை மறக்கக்கூடாது: ஒரே நிறம் அழகு, தெளிவாக வேறான நிறமும் அழகு, 'கிட்டத்தட்ட அதே நிறம்' என்பதுதான் அலங்கோலம். பொருத்தப் பார்த்து முடியாமல் போனதைப் போல அது தெரியும்.

மேற்சொன்ன தாயிடம், "மெரூன் பேக்கை எடுங்கள், செருப்பைக் கறுப்பில் 38 தருகிறேன், மெரூன் ஹிஜாப் ஒன்று போதும்" என்று ஒரு பெண் ஊழியர் சொல்லியிருந்தால் இரண்டும் விற்றிருக்கும். பேக்கின் நிறம் ஹிஜாபோடு சேர்கிறது, செருப்பு அபாயாவோடு சேர்கிறது. பக்கிள், சங்கிலி, ஸிப் ஆகியவையும் பார்க்கப்பட வேண்டும். பேக்கில் தங்க நிறச் சங்கிலியும் செருப்பில் வெள்ளி நிறப் பக்கிளும் இருந்தால், நிறம் எவ்வளவு பொருந்தினாலும் ஏதோ ஒன்று உறுத்தும். கல்யாணத்துக்குச் சாரி உடுப்பவர்களுக்குச் சரிகையின் நிறத்தைப் பார்த்தே இரண்டையும் காட்ட வேண்டும். பழுப்பேறிய தங்கச் சரிகைக்குப் பளபளக்கும் தங்கச் செருப்பு ஒத்துவராது.

குவாங்சோவுக்குப் போய்ச் சரக்கெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே தோற்பைச் சந்தை சன்யுவான்லி பகுதியில். சப்பாத்துச் சந்தை ரயில் நிலையத்தை அண்டி. தூரம் அதிகமில்லை, ஆனால் சாயமிடும் தொழிற்சாலைகள் வேறு வேறு. போனில் எடுத்த படத்தை நம்பி நிறம் பொருத்தாதீர்கள். செருப்பு மேற்பாகத்தின் துண்டொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு பேக் கடைக்குப் போங்கள். கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு மெரூன்கள் வெயிலில் ஒன்று சிவப்பாகவும் மற்றது ஊதாவாகவும் மாறிவிடுவதுண்டு. எனவே இரண்டையும் தெருவுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தோல் சரக்கென்றால் உட்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். செருப்பின் உட்புறத்துக்கும் பேக்கின் உள்விரிப்புக்கும் பன்றித் தோல் பாவிப்பது உலகச் சந்தையில் சாதாரணம். அந்தத் தோலில் மயிர்த் துவாரங்கள் மும்மூன்றாக முக்கோணம் போல் அமைந்திருக்கும். துவாரம் தோலை ஊடுருவிச் செல்வதால் மறுபக்கத்திலும் அநேகமாகத் தெரியும். சந்தேகமிருந்தால் எந்த மிருகத்தின் தோலென்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எமது வாடிக்கையாளர் இதைக் கேட்டால், "தெரியாது" என்பது பதிலாகாது.

கடைக்குள் இன்னொரு குறை. செருப்புப் பகுதியில் முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரியும் சின்னக் கண்ணாடியை வைத்துவிட்டு, பேக்கை வேறொரு மூலையில் தொங்கவிடுகிறோம். பேக்கும் செருப்பும் ஒருசேரத் தெரிவது ஆளுயரக் கண்ணாடியில் மட்டுமே. அபாயா அணிபவருக்குச் செருப்பின் முன்பக்கம்தான் வெளியே தெரியும். குதிப் பக்கத்து வேலைப்பாட்டுக்காக அதிக விலை கொடுத்து நீங்கள் வாங்கியது உடுப்புக்குள் மறைந்துவிடும். அபாயாவும் விற்பவராயின் இன்னொன்று. வெறுங்காலில் அளவெடுத்துத் தைத்த அபாயா இரண்டு அங்குலக் குதியோடு நடக்கும்போது அவ்வளவு மேலேறி நிற்கும். எனவே முதலில் செருப்பு, பிறகு அளவு.

ரெக்சின் சரக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். எமது ஈரக் காற்றும் சூடும் சேர்ந்து ரெக்சினின் மேற்படலத்தைப் பெட்டிக்குள்ளேயே அரித்துவிடும். காலில் போடாமலே அடி பொடியாகக் கொட்டும் செருப்புகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். அடுத்த பெருநாளைக்கு விற்கலாமென்று எடுத்து வைத்த செட்டுகள் பேக் உரிந்த நிலையில் வெளியே வருவது இதனால்தான். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டாமல், உள்ளே கடதாசி திணித்து, சுவரோடு ஒட்டாத ராக்கையில் வையுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் சரக்கு வந்த திகதியை எழுதிவிடுங்கள். பெருநாள் முடிந்த மறுவாரமே ஓரத்து அளவுகளையெல்லாம் வெளியே எடுத்து, முதலுக்காவது தள்ளிவிடுங்கள். அவற்றோடு கட்டியிருக்கும் பேக்குகளை அவிழ்த்துக் கறுப்புச் செருப்புகளுக்கு மேலே தொங்கவிடுங்கள். அவற்றுக்கு விலைக்கழிவு கொடுக்க அவசரமில்லை.