ஒரே ஒரு இழுப்புதானே!

நிகோடின் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது எங்கே உண்டாகிறது தெரியுமா? புகையிலைச் செடியின் வேரில்! அங்கிருந்து இலைக்குப் போய்ச் சேருகிறது. இலையைத் தின்ன வரும் பூச்சிகளைக் கொல்லச் செடி தயாரிக்கும் விஷம் அது. பயிரில் அசுவினி விழுந்தால் நம் விவசாயிகள் புகையிலையை ஊறவைத்துத் தெளிப்பது இதனால்தான். 1560ஆம் ஆண்டில் புகையிலையைப் பிரான்சு அரண்மனைக்கு அனுப்பி வைத்த தூதர் ழான் நிகோ. பாவம், அவர் பெயர் இந்த விஷத்துக்கு வந்துவிட்டது!

செவ்வாப்பேட்டை ரோடு ரயில் நிலையத்துக்குக் காலையில் போனால், ஷிப்டுக்கு ஓடுகிற அண்ணன்களைப் பார்க்கலாம். சிலர் கையில் பீடியோ சிகரெட்டோ புகையும். அவர்களில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பள்ளியில் படிக்கும்போது, நண்பன் நீட்டினான் என்று விளையாட்டாகத் தொடங்கியதாகச் சொல்வார். முதல் இழுப்பில் இருமல் வரும், தலை சுற்றும், குமட்டும். அப்படியும் ஏன் விடவில்லை?

"தினம் ஒரு பாக்கெட் ஊதுகிறவன்தான் அடிமை. நான் எப்பவாவது ஒண்ணு. நினைச்சா விட்டுடுவேன்." முப்பது வருட வாத்தியார் வேலையில் இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொன்ன பையன்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜோசப் டிஃப்ரான்ஸா என்ற மருத்துவரின் குழு, 12, 13 வயது மாணவர்கள் ஏறக்குறைய 700 பேரை 1998 முதல் கவனித்து வந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. அவ்வப்போது மட்டும் புகைத்த மாணவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்கு, நான்கே வாரத்தில் அடிமைத்தனத்தின் அறிகுறி ஏதாவது ஒன்று தெரிந்துவிட்டது!

இது எப்படி நடக்கிறது? வீட்டு மதில்மேல் ஒரு காக்கைக்குச் சோறு வையுங்கள். நாளைக்கும் வரும். தினம் வைத்தால் ஒன்று நான்காகும், நான்கு பத்தாகும். ஒருநாள் வைக்க மறந்தால் போதும், காது கிழியக் கத்தித் தீர்த்துவிடும். நம் மூளையிலும் நிகோடினைப் பிடித்துக்கொள்ளும் நுண்ணிய இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு 'ஏற்பிகள்' என்று பெயர். புகையை இழுத்த 10, 20 நொடிக்குள் நிகோடின் அங்கே போய் உட்கார, 'டோபமைன்' என்ற பொருள் சுரந்து மகிழ்ச்சி தருகிறது. திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஏற்பிகளின் எண்ணிக்கை பெருகுகிறது, காக்கைக் கூட்டம் மாதிரி!

சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் நிகோடின் பாதியாகக் குறைந்துவிடும். உடனே கூட்டம் கத்தத் தொடங்கும். பாடத்தில் மனம் நிற்காது, எரிச்சல் வரும், இடைவேளை மணி எப்போது அடிக்கும் என்றிருக்கும். ஓடிப்போய் ஒன்று பற்றவைத்தால் அடங்கும். "டென்ஷன் போயிடுச்சு" என்பான் பையன். அந்த டென்ஷனைக் கொண்டு வந்ததே முந்தைய சிகரெட்தான். அது அவனுக்குத் தெரியாது.

பெரியவர்களைவிட உங்கள் வயதில் இது சீக்கிரம் பிடிக்கும். மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆசைப்படும் பகுதி முன்னால் ஓடுகிறது. 'வேண்டாம்' என்று தடுக்கும் நெற்றிப் பகுதிதான் கடைசியில் முதிர்கிறது.

2019இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில், 13 முதல் 15 வயது மாணவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தியிருந்தனர். வாயில் அடக்கும் புகையிலையிலும் இதே நிகோடின்தான். 2019இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட இ-சிகரெட்டிலும் பெரும்பாலும் அதுதான். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் புகையிலை விற்பதும், பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்ட நண்பனைத் திட்டி ஒதுக்கிவிடாதீர்கள். நிறுத்தினால் முதல் இரண்டு, மூன்று நாட்கள்தான் மிகவும் கடினம். மூன்று, நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். சோறு கிடைக்காத காக்கைகள் வேறு மதில் தேடிப் போவதுபோல, பெருகிய ஏற்பிகளும் மெல்லக் குறைகின்றன. விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்ல அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது: 1800-11-2356. அப்பாவுக்கோ மாமாவுக்கோ சொல்ல வேண்டுமானால், அவர் சட்டைப்பையில் இருக்கும் சிகரெட் பெட்டியைப் பாருங்கள். எச்சரிக்கைப் படத்தோடு அதே எண் அச்சடித்திருக்கும்.