மனச்சோர்வுக்கு மஞ்சள் பூ: மூலிகை என்றால் பயமில்லையா?

நீலகிரியின் உயரமான பகுதிகளில், சோலைக்காடுகளின் ஓரங்களில், பெரிய மஞ்சள் பூக்களுடன் ஒரு புதர்ச்செடி வளர்கிறது. அதன் அறிவியல் பெயர் ஹைபெரிக்கம் மைசோரென்ஸ். இதற்கு உறவான ஒரு செடி ஐரோப்பாவில் உண்டு. அதன் சாறு மனச்சோர்வுக்கான மருந்தாக, மாத்திரை வடிவில் பல நாடுகளில் விற்கப்படுகிறது.

"மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று நம் வீடுகளில் அடிக்கடி சொல்கிறோம். இந்தச் செடியைப் பற்றிய உண்மைகளை அறிந்துகொண்டால் அப்படிச் சொல்லத் தயங்குவோம்.

யஹ்யா நபியின் பெயரில் ஒரு செடி

ஐரோப்பியச் செடியின் பெயர் செயின்ட் ஜான்ஸ் வோர்ட். நாம் யஹ்யா (அலை) என்று அறியும் நபியைக் கிறிஸ்தவர்கள் யோவான் என்கிறார்கள். அவருக்காக அவர்கள் விழா எடுக்கும் ஜூன் 24-ஐ ஒட்டி இச்செடி பூப்பதால் இந்தப் பெயர் வந்தது.

இதிலுள்ள முக்கியமான வேதிப்பொருள் ஹைப்பர்ஃபோரின். 1971-ல் சோவியத் விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்தனர். நம் மூளையின் நரம்பணுக்கள் செரடோனின் போன்ற பொருட்களை வெளியிட்டே ஒன்றோடொன்று செய்தி பரிமாறுகின்றன. வெளியிட்டதை அவை மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மருத்துவர் தரும் மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் அந்த இழுப்பு வாசலையே அடைக்கின்றன. ஹைப்பர்ஃபோரின் வேறு வழியில் அதே வேலையைச் செய்கிறது. அணுவின் சுவரிலுள்ள டிஆர்பிசி6 என்ற பாதையைத் திறப்பதாக 2007-ல் ஓர் ஆய்வு காட்டியது. அப்போது சோடியம் உள்ளே புக, இழுக்கும் விசை குறைந்துவிடுகிறது. அந்தப் பாதையை ஆராய்வதற்காகவே இன்று ஆய்வுக்கூடங்களில் ஹைப்பர்ஃபோரினைப் பயன்படுத்துகிறார்கள்.

பலன் உண்டா?

உண்டு என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. 5,489 நோயாளிகளை உள்ளடக்கிய 29 ஆய்வுகளை காக்ரேன் அமைப்பு 2008-ல் தொகுத்துப் பார்த்தது. வெற்று மாத்திரையைவிட இந்தச் சாறு மேலானது, வழக்கமான மருந்துகளுக்கு ஏறத்தாழ இணையானது என்ற முடிவு கிடைத்தது. ஆனால் 2002-ல் அமெரிக்காவில் 340 பேரிடம் நடந்த ஆய்வில் வெற்று மாத்திரையைவிட அதிகப் பலன் தெரியவில்லை.

ஆபத்து எங்கே?

ஆபத்து கல்லீரலில் இருக்கிறது. நாம் உண்ணும் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகள் கல்லீரலில் உள்ளன. ஹைப்பர்ஃபோரின் அந்த நொதிகளைப் பெருகச் செய்கிறது. விளைவாக, நாம் உண்ணும் மற்ற மருந்துகள் வேலை செய்யும் முன்பே கரைந்துபோகின்றன.

2000-ம் ஆண்டு சூரிச் நகர மருத்துவர்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினர். இருவரும் மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்கள். இந்த மூலிகையை எடுத்ததால் இருவரின் இரத்தத்திலும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு குறைந்தது. பொருத்திய இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியது. மூலிகையை நிறுத்தியதும் மருந்தின் அளவு பழைய நிலைக்குத் திரும்பியது.

இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றின் பலனையும் இது குறைக்கும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்து உண்டால் செரடோனின் அளவுமீறி, நடுக்கம், காய்ச்சல், குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்படியானால் ஊட்டிப் பூ?

ஊட்டியிலுள்ள ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி ஆய்வாளர்கள் நீலகிரியின் 18 மூலிகைகளைச் சோதித்து 2004-ல் முடிவுகளை வெளியிட்டனர். ஹைபெரிக்கம் மைசோரென்ஸ் உள்ளிட்ட மூன்று, ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிராக நல்ல பலன் காட்டின. அது வைரஸ் பற்றிய ஆய்வுக்கூடச் சோதனை. மனச்சோர்வு பற்றியது அல்ல. ஒரே குடும்பத்துப் பூ என்பதற்காக மலையில் பறித்துக் காய்ச்சிக் குடிப்பது மருத்துவமாகாது.

நாம் செய்ய வேண்டியது

நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் தூக்கமின்றி, எதிலும் நாட்டமின்றி, அழுதுகொண்டே இருந்தால் அதை ஈமானின் குறை என்று பேசாதீர்கள். அவர்களிடம் கனிவாகப் பேசுங்கள், துஆ செய்யுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416-ல் தமிழிலும் பேசலாம்.

மருத்துவர் கேட்காவிட்டாலும், உம்மாவோ வாப்பாவோ எடுக்கும் மூலிகை, சூரணம், கஷாயம் அத்தனையையும் நாமே அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே உண்ணும் மனச்சோர்வு மாத்திரையை மூலிகைக்காக நாமாக நிறுத்தவும் கூடாது. அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக!