ஐந்து வோல்ற் கட்டளையும் வீட்டு மின்சாரமும்

மொன்றியலில் குளிர்காலம் என்பது மின்சாரக் கட்டணத்தின் காலமுமாகும். கியூபெக் மாகாணத்தின் பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தாலேயே சூடாக்கப்படுகின்றன. கடுங்குளிர் நாட்களில், காலையிலும் மாலையிலும் மின்பாவனை உச்சத்தை எட்டும் வேளைகளில் பாவனையைக் குறைப்போருக்கு ஹைட்ரோ கியூபெக் நிறுவனம் கட்டணச் சலுகை வழங்குகின்றது. ஆகவே, ஹீற்றரைத் தானாகவே அணைத்து மூட்டும் கருவியொன்றை வீட்டிலேயே செய்தால் என்ன என்று எமது இளைஞர் எண்ணுவதில் வியப்பில்லை. 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவருக்காக உருவாக்கப்பட்ட ஆர்டுயினோ என்னும் சிறு பலகை, இவ்வெண்ணத்தை எவருக்கும் எட்டும்படி செய்துவிட்டது.

இதன் இயக்கம் எளிதானது. ஆர்டுயினோவில் உள்ள நுண்கட்டுப்படுத்தி, ஒரு முனையில் 5 வோல்ற் அழுத்தத்தை மட்டுமே தருகின்றது. அம்முனையிலிருந்து பாதுகாப்பாகப் பெறக்கூடிய மின்னோட்டம் ஏறத்தாழ 20 மில்லி அம்பியர். றிலே எனப்படும் மின்காந்த ஆளியின் சுருளுக்கோ ஏறத்தாழ 70 மில்லி அம்பியர் வேண்டும். எனவே இடையில் ஒரு திரான்சிஸ்ரர் அமர்ந்து மின்னோட்டத்தைப் பெருக்குகின்றது. சுருளை அணைக்கும்போது எழும் எதிர் அழுத்தத்தை ஓர் இருவாயி தாங்கிக்கொள்கின்றது. சுருள் காந்தமாகி உலோகத் தொடுகையை இழுக்க, வீட்டு மின்சாரம் பாய்கின்றது. இரு பக்கங்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை என்பதே றிலேயின் சிறப்பு.

ஆபத்து இருப்பது கணக்கில். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீலநிற றிலேயின் மேல் 10 அம்பியர் எனப் பொறிக்கப்பட்டிருக்கும். வாற்றை வோல்ற்றால் வகுத்தால் அம்பியர் வரும். 1500 வாற் சிறு ஹீற்றரை 120 வோல்ற்றில் இயக்கினால் 12.5 அம்பியர் பாயும். றிலே தாங்காது. வெப்பத்தால் தொடுகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், "அணை" என்று கட்டளையிட்டாலும் ஹீற்றர் எரிந்துகொண்டே இருக்கும்.

சுவரடியில் பொருத்திய ஹீற்றருக்கு 240 வோல்ற் வருவதால், அதே 1500 வாற்றுக்கு 6.25 அம்பியரே போதும். ஆனால் இங்கு வேறொரு பொறி உண்டு. இலங்கையின் 230 வோல்ற் இணைப்பில் ஒரு கம்பியே உயிர்க்கம்பி. கனடாவின் 240 வோல்ற் இணைப்பிலோ இரு கம்பிகளும் உயிர்க்கம்பிகள். ஒற்றைத் தொடுகை றிலே ஒன்றைத் துண்டித்தாலும் மற்றையதில் மின்சாரம் நிற்கும். ஹீற்றர் அணைந்திருப்பதைக் கண்டு நம்பிக் கைவைப்பவருக்கு உயிராபத்து.

1990களில் யாழ். குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தபோது, எம்மவர் மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அந்தக் கைவண்ணம் போற்றற்குரியது. ஆனால் அது சில வோல்ற்றுகளின் உலகம். அங்கே பிழைத்தால் வானொலி மௌனமாகும். இங்கே சில பத்து மில்லி அம்பியர் நெஞ்சினூடாகப் பாய்ந்தாலே இதயத் துடிப்பு குழம்பிவிடலாம்.

கியூபெக் சட்டமும் இதனை அறிந்தே இயற்றப்பட்டுள்ளது. வீட்டின் நிலையான மின்கம்பி வேலைகளை, வீட்டுக்காரரேயாயினும் தாமே செய்ய முடியாது. கட்டட ஆணையமான றெஜி டு பாற்றிமோவின் உரிமம் பெற்ற மின்ஒப்பந்தகாரரே செய்யவேண்டும். வாடகைக்கு இருப்போர் வீட்டுரிமையாளரின் சம்மதத்தையும் பெறுவது முறை.

அவ்வாறாயின் கற்கும் ஆர்வத்தை அடக்கிவிடுவதா? வேண்டியதில்லை. 12 வோல்ற் விளக்குகளிலும் விசிறிகளிலும் றிலேயைப் பழகலாம். பாடம் ஒன்றுதான், ஆபத்து மட்டும் இல்லை. ஹீற்றருக்கு, சி.எஸ்.ஏ. போன்ற கனேடிய அங்கீகார முத்திரையுடைய வெப்பக்கட்டுப்படுத்தியை உரிமம் பெற்றவரைக் கொண்டு பொருத்தலாம்.

எதைச் செய்தாலும், மின்சாரம் நின்று மீளும்போது சாதனம் அணைந்த நிலையிலேயே இருக்குமாறு கட்டளை நிரலை எழுதுதல் வேண்டும். 1998 ஜனவரியின் உறைமழைப் புயலில் ஏறத்தாழ 14 இலட்சம் ஹைட்ரோ கியூபெக் வாடிக்கையாளர்கள் மின்சாரத்தை இழந்தனர். அத்தகைய இருளுக்குப் பின், ஆளில்லாத வீட்டில் ஒரு ஹீற்றர் தானாக மூண்டெழுவதை யாரும் விரும்பார்.

எமது பிள்ளைகளின் கைத்திறன் வளரவேண்டும். பெற்றோர் அவர்களைத் தடுக்காது, றிலேயின் மேல் பொறித்த எண்ணை முதலில் வாசிக்கப் பழக்குவார்களாக.