அப்டேட்டுக்குப் பிறகு ஸ்கேன் ஏன் வருவதில்லை?

விண்டோஸ் அப்டேட் முடிந்து கணினி மறுபடி ஆன் ஆகிறது. இணையம் ஓடுகிறது, பிரின்ட் வருகிறது. ஆனால் ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்யும் பக்கங்கள் கணினி ஃபோல்டருக்கு வந்து சேர்வதில்லை. ரவுட்டரில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் திறக்க மறுக்கிறது. கேபிளை மாற்றிப் பார்க்கிறோம், ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம், பலன் இல்லை. பெரும்பாலும் இங்கே எதுவும் பழுதாகியிருக்காது. கோப்புப் பகிர்வின் விதிகளை அப்டேட் மாற்றியிருக்கும்.

ஒரே நெட்வொர்க்கில் உள்ள கருவிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள எஸ்.எம்.பி. என்ற நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது இது. அதன் முதல் பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகெங்கும் பரவியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளையே தள்ளிவைக்க நேர்ந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பை விண்டோஸ் படிப்படியாகக் கழற்றிவிட்டது. அந்தப் பதிப்பை மட்டுமே அறிந்த பழைய மெஷின்களின் தொடர்பு அப்போதிலிருந்தே அறுபடத் தொடங்கியது.

2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11 24எச்2 அடுத்த கதவையும் அடைத்தது. அதன் புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளில், பரிமாறப்படும் செய்திகளுக்கு டிஜிட்டல் கையொப்பம் கட்டாயமானது. பாஸ்வேர்டு கொடுத்து நுழையும்போது இரு கருவிகளும் ஒரு ரகசியச் சாவியைக் கணக்கிட்டுக்கொள்கின்றன. அந்தச் சாவியால் உருவாகும் 16 பைட் குறியீடு ஒவ்வொரு செய்தியுடனும் செல்கிறது. வழியில் யாராவது ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் குறியீடு பொருந்தாது, செய்தி நிராகரிக்கப்படும். பாஸ்வேர்டு இல்லாமல் ‘கெஸ்ட்’ ஆக நுழைபவருக்குச் சாவியே கிடையாது. சாவி இல்லாமல் எப்படிக் கையொப்பமிடுவது? கெஸ்ட் வழி அடைபடுவதற்குக் காரணம் இதுதான்.

எங்கே தடை என்று வரிசையாகப் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும்.

முதலில், அந்தக் கருவியின் ஐ.பி. முகவரிக்குப் ‘பிங்’ அனுப்புங்கள். பதில் வந்தால் கேபிளும் வைஃபையும் நலம். அடுத்து, கருவியின் பெயருக்குப் பதிலாக ஐ.பி. முகவரியைக் கொடுத்து ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். திறந்துவிட்டால், பெயரைக் கண்டறிவதில்தான் சிக்கல்.

இரண்டாவது, கணினியின் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். அப்படியிருந்தால், கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட்டை ஃபயர்வால் வெளியாருக்குத் திறக்காது. வீடு, அலுவலக நெட்வொர்க்கை ‘பிரைவேட்’ ஆக்குங்கள்.

மூன்றாவது, பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். ‘கெஸ்ட்’ என்ற சொல் இருந்தால், கருவியில் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கி, அவற்றைக் கொண்டு நுழையுங்கள். கையொப்பம் பற்றிய பிழை என்றால், கருவியின் செட்டிங்ஸ் பக்கத்தில் எஸ்.எம்.பி. இரண்டு அல்லது மூன்றாம் பதிப்பையும், கையொப்ப வசதியையும் இயக்குங்கள். அந்த வசதி காணப்படாவிட்டால், தயாரிப்பாளரின் தளத்தில் புதிய ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

முதல் பதிப்பை மறுபடி ஆன் செய்யுங்கள், கையொப்பத்தை ஆஃப் செய்யுங்கள் என்று யூடியூபில் பலர் சொல்லித்தருகிறார்கள். இரண்டு நிமிடத்தில் வேலை முடியும், உண்மைதான். ஆனால் ஒரு பழைய மெஷினுக்காகக் கணினியில் உள்ள அத்தனை கோப்புகளின் பாதுகாப்பையும் அது குறைத்துவிடும். புதிய விதிக்கு எந்த வழியிலும் ஒத்துவராத மெஷின் என்றால், ஸ்கேனை யூ.எஸ்.பி. டிரைவிலோ மின்னஞ்சலிலோ எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் பூட்டைத் தளர்த்தாதீர்கள்.